பிள்ளைக்குத் துணி வைப்ஸ்: வீட்டில் செய்வதும், நனைப்பதும், துவைப்பதும்

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை துணி மாற்ற வேண்டியிருக்கும். மாற்றும்போதெல்லாம் துடைக்கவும் வேண்டும். அந்தத் துடைப்புக்குக் கடையில் வாங்கும் ஈர வைப்ஸ் வேண்டாம், வீட்டில் பழைய துணியை வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் புது அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். துணியை வெட்டித் தைக்கிற வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். பலர் தடுமாறுவது அதை நனைக்கும் தண்ணீரில்தான்.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் பேபி ஷாம்பு, வாசனைக்கு நாலு சொட்டு தைலம். துணிகளை அதில் ஊறவைத்து டப்பாவில் அடுக்கி, ஒரு வாரம் எடுத்து எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பார்கள். நம் ஊர் வெக்கைக்கு இது ஒத்துவராது. மூடிய டப்பாவில் ஈரத் துணி ஒரு ராத்திரி கிடந்தாலே போதும், கிருமியும் பூஞ்சையும் பெருக ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாது, வாடையும் உடனே வராது.

கடை வைப்ஸ் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது அதில் சேர்க்கும் பதப்படுத்தும் ரசாயனத்தால். அப்படி முன்பு பரவலாகச் சேர்க்கப்பட்ட ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். அதனால் தோல் ஒவ்வாமை பெருகியதால், அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ல் அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் கழுவாமல் விடும் பொருட்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை போட்டது. இப்போது வாசனையோ அந்த ரசாயனமோ இல்லாத நல்ல வைப்ஸும் கிடைக்கிறது. பயணத்தில் அதைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் வீட்டில் நாம் செய்யும் கலவையில் பதப்படுத்தும் பொருள் எதுவும் இருக்காது. ஆகவே சேமித்து வைக்கவும் கூடாது. துணியைக் காய்ந்த நிலையில் அடுக்கி வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் நனைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

முதலில், தோல் ஏன் சிவக்கிறது

பெரியவர்களின் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. பிறந்த குழந்தையின் தோல் அந்த நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். சிறுநீர் மட்டும் கொஞ்ச நேரம் பட்டால் பெரிய கெடுதல் இல்லை. அதோடு மலமும் சேரும்போதுதான் சிக்கல். மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. அம்மோனியா சேரச் சேர, தோலின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறுகிறது. மலத்தில் இருக்கும் செரிமான நொதிகளுக்குக் காரத்தன்மையில்தான் வீரியம் கூடும். புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் அந்த நொதிகள், ஈரத்தில் ஊறி மெலிந்துபோன தோலையும் அரிக்கத் தொடங்கும். சிவப்பு வருவது இப்படித்தான்.

ஆகவே தோலின் காரத்தன்மையைக் கூட்டும் எதையும் துடைக்கும் தண்ணீரில் சேர்க்கக் கூடாது. சாதாரணக் குளியல் சோப்பு, சமையல் சோடா, துவைக்கிற பவுடர் எல்லாமே அந்தப் பக்கம்தான் சேரும். வெறும் தண்ணீர் எவ்வளவோ மேல்.

துணி எது, எங்கிருந்து

பிரசவத்துக்குப் போகும் பையில் பழைய வேட்டியும் நைந்த புடவையும் எடுத்து வைப்பது நம் வீடுகளில் பழக்கம். பலமுறை துவைத்து மெலிந்த பருத்தியைப் போல மென்மையான துணி கடையில் கிடைக்காது. மல் வேட்டி, நூல் புடவை, நைந்த காசித் துண்டு எல்லாமே உதவும். புதிதாக வாங்குவதானால் ஃபிளானல் துணியோ மெல்லிய டர்க்கி டவலோ வாங்கி, நாலைந்து தடவை துவைத்த பிறகு வெட்டுங்கள்.

துணி சுத்தமான பருத்திதானா என்று சந்தேகமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். கலப்புத் துணி தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, துடைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

வேட்டியின் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள், ஜரிகை தோலைக் கீறும். கஞ்சி போட்ட துணியானால் வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி முழுக்க வெளியேறும் வரை அலசுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள். பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் துணியில் ஏறி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடம்புக்குள் போகும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். மஞ்சள் காமாலை வேகமாக ஏறி மூளையையே பாதிக்கலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தச் சோதனை செய்யாமல் யாருக்கு இருக்கிறதென்று தெரியாது. பார்க்க ஆரோக்கியமான குழந்தையாகத்தான் இருக்கும். உடம்பில் எண்ணெய் தடவியிருந்தால் நாப்தலீன் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். பாட்டி ஆசையாகப் பத்திரப்படுத்திய பட்டுப்போன்ற பழைய புடவையாக இருந்தாலும், அந்த வாடை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். தினமும் கட்டித் துவைக்கும் துணியிலிருந்து வெட்டுவதே நல்லது. தூளி கட்டும் புடவைக்கும், போர்த்தும் துணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

வெட்டித் தைத்தல்

ஒரு சாண் அளவுச் சதுரம், அதாவது 20 சென்டிமீட்டர் போதும். தையலுக்காகச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு 22 சென்டிமீட்டராக வெட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய துணியை இரண்டு மடிப்பாக வைத்து, ஒரு பக்கம் கொஞ்சம் திறந்து விட்டுச் சுற்றித் தைத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேலே ஒரு தையல் ஓட்டினால் ஆயிற்று. நாலு முழ வேட்டி ஒன்றில் இரட்டைச் சதுரம் இருபது வரும். டர்க்கி டவலானால் ஒற்றையாகவே வெட்டி, ஓரத்தை மட்டும் ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளலாம். தெருமுனைத் தையல் கடையில் செய்து தருவார்கள்.

ஓரம் அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். பிரிந்த நூல் குழந்தையின் கால் விரலிலோ பிறப்புறுப்பிலோ சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணம் தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் விரல்களைப் பாருங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதற்காகத்தான். தலைமுடி சுற்றினாலும் இதே கதி. துவைத்து மடிக்கும்போது தொங்கும் நூலையெல்லாம் கத்தரித்துவிடுங்கள்.

தினமும் துவைக்கிற வீட்டுக்கு நாற்பது துணி சரியாக இருக்கும். மழைக்காலத்தில் பிரசவம் என்றால் அறுபது வைத்துக்கொள்ளுங்கள். முகம் துடைக்கும் துணி வேறு நிறத்தில் தனியாக இருக்கட்டும்.

நனைக்கும் தண்ணீர்

முதல் மாதத்துக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் மட்டும் போதும். கொதி வந்ததும் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி வைத்து ஆறவிடுங்கள். காலையில் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீரும், மூடிய சொம்பில் ஆறிய நீரும் எடுத்து வைத்துக்கொண்டால் நாள் முழுக்கக் கவலையில்லை. மாற்றும் நேரத்தில் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டையும் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சூடு பாருங்கள். துணியை நனைத்துப் பிழிந்து துடைத்ததும், கிண்ணத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். துடைத்த துணியைத் திரும்பவும் அதில் முக்க வேண்டாம்.

ஸ்பிரே பாட்டில் வசதிதான். ஆனால் அதன் குழாயிலும் மூடியிலும் ஈரம் தங்கிக் கிருமி வளரும். தினமும் கழற்றிக் கழுவிக் காயவைக்க முடியாதென்றால், எனக்குக் கிண்ணம்தான் மேல் என்று தோன்றுகிறது.

முதல் இரண்டு மூன்று நாள் வரும் மலம் கருப்பாகப் பிசினாக ஒட்டும். தண்ணீரில் தேய்த்தால் போகாது, தோல்தான் சிவக்கும். அதற்கு எண்ணெய்தான் சரி. காய்ந்த துணியின் மூலையில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு மெல்ல ஒற்றி எடுங்கள், நழுவி வந்துவிடும். பிறகு ஈரத் துணியால் ஒரு தடவை. பின்னாளில் மலம் காய்ந்து ஒட்டிக்கொண்டாலும் இதையே செய்யலாம்.

எண்ணெயைத் தண்ணீரில் கலந்தே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய். இரண்டும் சேராது, ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். தோல் வறண்டிருக்கும் குழந்தைக்கு இது இதமாக இருக்கும். காலையில் கலந்ததை ராத்திரிக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள். செக்கு எண்ணெயானாலும் கடை எண்ணெயானாலும் வாசனை சேர்க்காத சுத்தமான தேங்காய் எண்ணெயாக இருந்தால் சரி. கடலை எண்ணெயும் கடுகு எண்ணெயும் வேண்டாம். ஆலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதற்காக உசத்தி என்று நினைக்காதீர்கள். அதில் மிகுதியாக இருக்கும் ஓலியிக் அமிலம் தோலின் மேல்தடுப்பைத் தளர்த்திவிடும்.

இரண்டாம் மாதத்துக்கு மேல், மலம் அதிகம் பூசிக்கொள்ளும் நேரத்தில் கொஞ்சம் நுரை வேண்டுமென்றால், சோப்பு கலக்காத, வாசனையில்லாத குழந்தைக் குளியல் திரவம் கால் டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து துடைக்கலாம். முடிந்ததும் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடைத்தே ஆக வேண்டும். இது அவசியத்துக்கு மட்டும்தான், தினப்படிக்கு வேண்டாம்.

சேர்க்கவே கூடாதவை

டெட்டால் மாதிரிக் கிருமிநாசினிகள் வேண்டாம். தரை துடைக்கவும் காயம் கழுவவும் இருப்பதைக் குழந்தையின் தொடையிடுக்கில் தினம் பத்து முறை தடவினால் தோல் வெந்துபோகும். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம் இரண்டும் தோல் வழியே உள்ளே போய்க் குழந்தைக்கு வலிப்பே வரவைக்கக் கூடியவை. டீ ட்ரீ, லாவெண்டர் போன்ற வாசனைத் தைலங்களும் வேண்டாம். மஞ்சள், வேப்பிலை, வசம்பு, கடலை மாவு எதையும் புண்ணான தோலில் அரைத்துப் பூச வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் எந்த வழியிலும் வேண்டாம்.

போரிக் பவுடர் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சிவந்த தோல் வழியே அது ரத்தத்தில் ஏறிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். குழந்தையின் தோல் எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கு 1972-ல் பிரான்ஸில் நடந்தது கொடுமையான சாட்சி. அங்கே ஒரு பேபி பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக மிஞ்சிக் கலந்துவிட, 36 குழந்தைகள் இறந்துபோயின.

சாதாரண டால்கம் பவுடரும் தேவையில்லை. ஈரத்தில் கட்டிப்பட்டுத் தொடை மடிப்பில் உராயும். தட்டும்போது எழும் தூசி குழந்தையின் மூச்சில் போகும். வீட்டுப் பெரியவர்கள் பவுடர் டப்பாவை எடுத்து வந்தால், "அத்தை, பவுடருக்குப் பதிலா கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டு வைங்க, அதான் நல்லாயிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களே தந்த பழக்கம்தானே அதுவும்.

துடைக்கும் முறை

1. கையைக் கழுவிவிட்டு, மாற்றுத் துணி, இரண்டு மூன்று வைப்ஸ், கிண்ணத் தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகு குழந்தையைப் படுக்க வையுங்கள். கட்டிலில் விட்டுவிட்டு எடுக்கப் போகக் கூடாது.
2. அழுக்கான நாப்பியின் சுத்தமான முன்பக்கத்தாலேயே பெரும்பாலான மலத்தை வழித்தெடுங்கள்.
3. பெண் குழந்தைக்கு முன்னாலிருந்து பின்னால் மட்டும் துடைக்க வேண்டும். ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்யக் கூடாது. வெளியே தெரிவதைத் துடைத்தால் போதும்.
4. தொடை மடிப்பு, இடுப்பு மடிப்பு இரண்டையும் விரித்துத் துடையுங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதன் அடியிலும் பாருங்கள். நனைந்த கயிறு நாள் முழுக்க இடுப்பில் உராய்ந்தபடி இருக்கும். அதையும் ஒற்றி உலர்த்தித் தளர்த்தி விடுங்கள்.
5. காய்ந்த துணியால் ஒற்றி ஈரம் எடுங்கள், தேய்க்க வேண்டாம்.
6. அப்படியே ஐந்து பத்து நிமிடம் காற்றாட விடுங்கள். அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டு, பிள்ளையை அரைமணி நேரம் அம்மணமாகக் கிடக்கவிடும் பாட்டிமார் பழக்கத்துக்கு ஈடான மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

வெறும் சிறுநீர் மட்டும் போயிருந்தால் ஒவ்வொரு தடவையும் இத்தனையும் வேண்டாம். ஒற்றியெடுத்துத் துணி மாற்றினால் போதும். அதிகமாகத் துடைப்பதும் தோலைப் புண்ணாக்கும். மலம் போனால் உடனே மாற்றுங்கள். மற்றபடி விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை பார்த்தால் சரி. ராத்திரிக்கு மட்டும் கடை டயப்பர் போடுவதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. அதிலுள்ள உறிஞ்சும் துகள்கள் ஈரத்தைத் தோலிலிருந்து விலக்கி வைக்கும், அம்மாவுக்கும் தூக்கம் கிடைக்கும்.

துவைத்தல்

மூடி போட்ட பக்கெட் ஒன்று குளியலறையில் இருக்கட்டும். அதில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டாம். ஊறிய தண்ணீர் நாறும், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நீர் நிறைந்த பக்கெட் உயிருக்கே ஆபத்து. மலம் பட்ட துணியை டாய்லெட்டுக்கு மேல் பிடித்து, கைக்குழாயால் பீய்ச்சியடித்துவிட்டுப் போடுங்கள்.

முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். எடுத்ததும் வெந்நீர் ஊற்றினால் மலத்திலுள்ள புரதம் துணியில் கெட்டிப்பட்டுக் கறையாக நின்றுவிடும். அதன் பிறகு சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் துவைக்கலாம். மெஷினில் 60 டிகிரி வைக்கலாம். கையால் துவைப்பவர்கள் கொதிநீரில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கும்மலாம். பிறகு நுரை வராத வரைக்கும் அலசுங்கள். கடைசித் தண்ணீரைக் கையால் கலக்கிப் பாருங்கள், நுரை கட்டினால் இன்னும் சோப்பு இருக்கிறது என்று அர்த்தம். காரணமே தெரியாமல் தோல் சிவக்கும் பல வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி அலசலைத்தான். வாசனைக்காக ஊற்றும் கம்ஃபர்ட் மாதிரித் திரவங்களை விட்டுவிடுங்கள். அவை துணியில் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கட்டி சோப்பு நுரைக்காது. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும், துணியும் விறைக்கும். அங்கே கட்டி சோப்பைவிடச் சோப்புத்தூள் தேவலை. கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ கிடைத்தால் நல்லது. விறைத்த துணியை மடிக்கும் முன் இரண்டு கையாலும் கசக்கினால் இளகும்.

நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கறையும் வெளுக்கும், கிருமியும் குறையும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வீட்டுக்குள் ஃபேனடியில் காயவைத்து, கடைசியில் இஸ்திரி போட்டு ஈரத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். அரை ஈரத்தோடு மடித்தால் கரும்புள்ளி விழும். அப்படி விழுந்த துணி குழந்தைக்கு ஆகாது.

வயிற்றுப்போக்குக்கோ பூஞ்சைத் தொற்றுக்கோ பிறகு ப்ளீச் போட விரும்பினால், நீர்த்த ப்ளீச்சில் முக்கிப் பலமுறை அலசுங்கள். ப்ளீச்சோடு வினிகரையோ டாய்லெட் ஆசிடையோ சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும்.

சிவந்துவிட்டால்

லேசான சிவப்புக்குத் துணி மாற்றும் இடைவெளியைக் குறைத்து, காற்றாட விடும் நேரத்தைக் கூட்டினாலே இரண்டு மூன்று நாளில் தேறும். அதோடு துத்தநாக ஆக்ஸைடு கிரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவலாம். துத்தநாகக் கிரீமைத் தோல் தெரியாத அளவு கனமாகப் பூசுங்கள். அடுத்த முறை அதைச் சுரண்டி எடுக்க வேண்டாம். மேலே பட்ட மலத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு, அதன் மேலேயே இன்னொரு பூச்சு. இந்தக் கிரீம்கள் துணி நாப்பியில் ஏறினால் உறிஞ்சாது. ஆகவே உள்ளே ஒரு வேட்டித் துண்டைத் தனியாக வைத்துக் கட்டுங்கள்.

சிவப்பு தொடை மடிப்புக்குள்ளேயே அடர்த்தியாகப் பரவி, சுற்றிலும் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் தெறித்தாற்போல் இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. குழந்தையோ தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவோ ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு அடிக்கடி வரும். எண்ணெய்க்கும் துத்தநாகத்துக்கும் அது அடங்காது, மருத்துவர் தரும் பூஞ்சை மருந்து வேண்டும். மூன்று நாளில் குறையாத சிவப்பு, சீழ்க்கொப்புளம், ரத்தக் கசிவு, காய்ச்சல் எதுவானாலும் காட்டுங்கள். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொப்புளம் வந்தால் அன்றைக்கே.

மருந்துக் கடையில் போய்ச் சொன்னதும் எடுத்துக் கொடுக்கும் கலவைக் களிம்புகளை மட்டும் நீங்களாகத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் சிவப்பு மறைவதால் நல்ல மருந்து போலத் தோன்றும். நாப்பி மூடிய ஈரத் தோல் அதைப் பல மடங்கு உறிஞ்சும், தோல் மெலியும், உள்ளே இருக்கும் பூஞ்சை மறைவாகப் பரவும். டியூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழந்தை மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.